மிதவாதப் பழமைக்காரர் எந்தக் கட்சியில் சேருவது?

கப்பலூரிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். கப்பலூர் என்பது மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், பஞ்சாலையும் தொழிற்பேட்டையும் சுங்கச்சாவடியும் உள்ள ஊர் என்பது நம் வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்ததேயாகும். அத்தோழர் அங்கு ஒரு சிறு பட்டறை வைத்து நாலைந்து பேருக்கு வேலை கொடுத்து வருகின்றவராம். தம்மைப் பற்றித் தாமே அவர் சொல்லிக்கொள்ளுவதாவது: தாம் சாமி கும்பிடுகின்றவர், ஆனால் ஜோசியனுக்கும் மந்திரவாதிக்கும் காசு கொடுக்காதவர். ஜாதிச் சங்கத்திற்குச் சந்தா கொடுப்பதை நிறுத்திவிட்டவர்; ஆனால் ஜாதி விட்டுக் கல்யாணம் செய்வதற்கு "இன்னும் காலம் வரவில்லை" என்கின்றவர். கடன் வாங்கி இனாம் கொடுக்கின்ற சர்க்காரைக் கண்டால் பயப்படுகின்றவர். மதத்தின் பேரால் தெருவில் கத்தி எடுக்கின்ற கூட்டத்தைக் கண்டால் அதைவிட அதிகமாய்ப் பயப்படுகின்றவர்.

இப்படிப்பட்டவர் நம்மைக் கேட்கும் கேள்வி என்னவென்றால், "அமெரிக்காவில் என்னைப் போன்ற மிதவாதப் பழமைக்காரர்களுக்கு இருக்கிற இரண்டு கட்சிகளிலும் இடமில்லாமல் போய்விட்டதாகப் பத்திரிகைகளில் படிக்கிறேன். அப்படியானால் இந்த நாட்டில் எனக்கு எந்தக் கட்சியில் இடம்? தங்களது தீவிரவாதப் பத்திரிகையாதலால் என்னைத் திட்டாமல் பதில் எழுத வேண்டும்" என்பதாகும்.

நாம் அவரைத் திட்டப்போவதில்லை. ஏன் எனில், நம் நாட்டில் ஒவ்வொரு ஊரிலும் பாதிப்பேருக்குக் குறையாமல் இத்தோழரைப் போன்றவர்களே இருக்கின்றார்கள். அவர்களைத் திட்டிவிட்டு நாம் யாரிடத்தில் போய்ப் பிரசாரம் செய்வது? ஆகவே, அவருடைய கேள்விக்குச் சரித்திரத்தைக் கொண்டும் அனுபவத்தைக் கொண்டும் நமக்குத் தோன்றியதைச் சொல்லுவோம். கசப்பாயிருந்தால் மன்னிக்க வேண்டும்.

அமெரிக்கக் கதை

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாய்ப் பார்ப்போம். அங்குள்ள குடியரசுக் கட்சி என்பது 1854ல் அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட கட்சி. லிங்கன் அந்தக் கட்சிக்காரர். ஜனநாயகக் கட்சி என்பது அக்காலத்தில் தெற்கத்திய அடிமை முதலாளிகளின் கோட்டையாயிருந்தது. இன்றைக்கு இரண்டும் தலைகீழாய் மாறிக் கிடக்கின்றன. அந்த மாறுதல் எப்போது வேகம் பிடித்தது என்றால் 1964ல்தான்.

அந்த வருஷம் கறுப்பு மக்களுக்கு ஓட்டலிலும் வேலையிலும் பள்ளிக்கூடத்திலும் வித்தியாசம் காட்டக்கூடாது என்று ஒரு பெரிய சட்டம் வந்தது. அதை ஜனநாயகக் கட்சிக்காரரான ஜான்சன் கையெழுத்திட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், அந்தச் சட்டம் செனட் சபையில் நிறைவேறினபோது குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் அதற்கு ஓட்டுச் செய்தார்கள் என்பது அநேகருக்குத் தெரியாது. எதிர்த்தவர்களோ தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்களும், 6 குடியரசுக் கட்சிக்காரர்களுமே. மாதக்கணக்காய்ப் பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்கப் பார்த்தவர்களின் வாயை அடைப்பதற்கு வேண்டிய ஓட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தவர் டிர்க்ஸன் என்கின்ற பழமைக் குணமுள்ள குடியரசுக் கட்சித் தலைவர். அதாவது, தெருவில் அடிபட்டவர்கள் கறுப்பு மக்கள். ஆனால் சபையில் கடைசிப் பூட்டைத் திறந்தவர்களில் மிதவாதப் பழமைக்காரர்களும் இருந்தார்கள்.

அதே வருஷத்தில் நடந்த மற்றொரு காரியத்தையும் பாருங்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவில் குடியரசுக் கட்சி மகாநாடு கூடிற்று. நியூயார்க் கவர்னராயிருந்த ராக்பெல்லர் என்னும் மிதவாதி மேடை ஏறித் தீவிரக் கும்பல்களைக் கண்டித்துப் பேசினார். அவரைப் பேசவொட்டாமல் கூச்சலிட்டார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுச் செய்த 6 பேரில் ஒருவரான கோல்ட்வாட்டர் என்பவரையே ஜனாதிபதி அபேட்சகராய்த் தெரிந்தெடுத்தார்கள். அவர் அந்த எலெக்ஷனில் தம் சொந்த மாகாணத்தையும், கறுப்பு மக்களை அதிகமாய் ஒடுக்கி வந்த தெற்கு மாகாணங்கள் ஐந்தையும் தவிர எல்லாவற்றிலும் தோற்றார். தோற்றாலும் கட்சிக்கு வழி காட்டிவிட்டார். அது முதற்கொண்டு தெற்கு வெள்ளையர் கொஞ்சங் கொஞ்சமாய்க் குடியரசுக் கட்சிக்குள் குடியேற, அங்கிருந்த மிதவாதிகள் கொஞ்சங் கொஞ்சமாய் வெளியேறினார்கள்.

இதன் முடிவை நம் கண்ணாலேயே பார்த்தோம். 2021 ஜனவரி 6ந் தேதி தோற்றுப்போன ஜனாதிபதியின் ஆட்கள் அந்நாட்டுச் சட்டசபைக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து கலகம் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்மீது குற்றம் சாட்டும் தீர்மானம் வந்தபோது அவர் கட்சியைச் சேர்ந்த கீழ்ச்சபை அங்கத்தினர்களில் 10 பேர் மாத்திரம் அதற்குச் சாதகமாய் ஓட்டுச் செய்தார்கள். அந்த 10 பேர் கதி என்னவாயிற்று? 4 பேர் மறுபடி நிற்கவில்லை. 4 பேர் சொந்தக் கட்சிக்காரர்களாலேயே தோற்கடிக்கப்பட்டார்கள். 2022 எலெக்ஷனில் திரும்பி வந்தவர்கள் 2 பேர்தான். தோற்கடிக்கப்பட்டவர்களில் ஒருவர் லிஸ் சேனி என்கின்ற அம்மையார். அவர் தகப்பனார் அந்தக் கட்சியின் உபஜனாதிபதியாயிருந்தவர். பழமைக் கொள்கையில் அவரைவிட அழுத்தமானவர் அக்கட்சியில் அதிகம் பேர் இல்லை. அப்படியிருந்தும் அவருக்கு அவர் வீட்டிலேயே இடமில்லை!

இதற்குக் காரணம் மக்கள் எல்லோரும் வெறிபிடித்தவர்களாய் ஆகிவிட்டார்கள் என்பதல்ல. அங்கே ஒரு கட்சியின் அபேட்சகரைத் தலைவர்கள் நியமிப்பதில்லை. அந்தந்தத் தொகுதியில் கட்சிக்காரர்களே முதலில் ஓர் எலெக்ஷன் நடத்திப் பொறுக்குகின்றார்கள். அந்த முதல் எலெக்ஷனுக்கு வருகின்றவர்கள் கொஞ்சம் பேர். வருகின்றவர்களில் ஆவேசக்காரர்கள் அதிகம் பேர். மிதவாதி வீட்டில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பிறகு பொது எலெக்ஷன் வரும்போது "ஐயோ, எனக்கு ஓட்டுப்போட யாருமில்லையே!" என்று அழுவான். கப்பலூர்த் தோழர் இதை நன்றாய்க் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மிதவாதப் பழமைக்காரர்களுக்கு இந்த மாகாணத்தில் ஒரு காலத்தில் சொந்த வீடு இருந்தது. ஒன்றல்ல, இரண்டு இருந்தன. சீனிவாச சாஸ்திரியார், சிவசாமி அய்யர் முதலியவர்கள் இருந்த மிதவாதக் கட்சி ஒன்று. 1916ல் ஏற்பட்ட ஜஸ்டிஸ் கட்சி மற்றொன்று. ஜஸ்டிஸ் கட்சி பார்ப்பனரல்லாதாருக்கு உத்தியோகமும் படிப்பும் வேண்டுமென்று கேட்டதில் தீவிரமாகவும், ராஜாக்களும் ஜமீன்தாரர்களும் மிட்டாதாரர்களும் நடத்தினதில் பழமையாகவும் இருந்தது. 1920ல் அது மந்திரிசபை அமைத்தபோது 4 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுள்ள சென்னை மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் சுமார் 12½ லட்சம் பேர்தான். அதாவது 100க்கு 3 பேர். நிலவரியும் வீட்டுவரியும் கட்டுகின்றவன்தான் ஓட்டர். அப்படிப்பட்ட ஓட்டர்களிடம் மிதவாதம் பேசி ஓட்டு வாங்குவது ஒரு பெரிய காரியமல்ல.

ஓட்டு விரிய விரிய இந்த வீடுகள் இடிய ஆரம்பித்தன. 1937 எலெக்ஷனில் ஜஸ்டிஸ் கட்சி படுதோல்வி அடைந்து, முதல் மந்திரியாயிருந்த பொப்பிலி ராஜாவே தோற்றுப்போனார். 1944ல் சேலம் மகாநாட்டில் அந்தக் கட்சி, சர்க்கார் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்துத் திராவிடர் கழகமாய் மாறிற்று. பட்டத்தையும் பதவியையும் விட மனமில்லாதவர்களும், எலெக்ஷனை விட்டு விலகுவது தவறு என்று உண்மையாகவே கருதினவர்களும் பழைய பெயரை வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்தவர் அக்கால மதுரை ஜில்லா உத்தமபாளையம் தோழர் பி.டி. ராஜன் அவர்கள். அவர் 1936ல் கொஞ்ச காலம் முதல் மந்திரியாயிருந்தவர், சமூகநீதியில் உறுதியுள்ளவர், அதோடு தெய்வ பக்தியும் உள்ளவர். மீனாட்சி கோயில் திருப்பணிக் கமிட்டிக்குத் தலைவராயிருந்து 1963ல் குடமுழுக்கு நடத்தி வைத்தவர். மிதவாதப் பழமைக்காரர் என்றால் எப்படி இருப்பார் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் கிடைக்காது. 1952ல் வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்த முதல் எலெக்ஷனில், ஜஸ்டிஸ் கட்சியின் பேரால் சட்டசபைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒருவருமே வரவில்லை.

அப்படியானால் அந்தக் குடும்பம் எங்கே போயிற்று? அவர் மகனார் பழனிவேல் ராஜன் தி.மு.க.வில் சேர்ந்து 1996 முதல் 2001 வரை சட்டசபைத் தலைவராயிருந்தார். பேரர் பழனிவேல் தியாகராசன் 2021ல் அதே கட்சி மந்திரி சபையில் நிதி மந்திரியானார். ஆகவே வீடு இடிந்ததே தவிர ஆட்கள் காணாமல் போய்விடவில்லை. பெரிய வீட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அறிய வேண்டும்.

சுதந்திராக் கட்சி

மிதவாதப் பழமைக்காரர்களுக்கு மறுபடியும் ஒரு சொந்த வீடு கட்டிப் பார்த்தவர் தோழர் ராஜகோபாலாச்சாரியார். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் செய்தது. அதே வருஷம் ஜூன் மாதம் சென்னையில் ஆச்சாரியாரும், ரங்காவும், மசானியும் சேர்ந்து சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார்கள். லைசென்ஸும் பர்மிட்டும் கோட்டாவுமாய் நடக்கிற ராஜ்யம் கூடாது என்பதும், விவசாயியின் நிலத்தைப் பிடுங்கக்கூடாது என்பதும், ஒரே கட்சி எப்போதும் ஆளக்கூடாது என்பதும் அதன் முக்கியமான பேச்சு. அதில் சேர்ந்தவர்கள் யாரென்றால் முதலாளிகள், மிராசுதார்கள், ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி முதலிய ராஜ வம்சத்தார்கள்.

1962ல் பார்லிமெண்டில் 18 இடம். 1967ல் 44 இடம் பெற்றுக் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. 1971ல் 8 இடம். 1974ல் சரண்சிங்கின் கட்சியோடு கலந்து மறைவு. இதுதான் அதன் ஜாதகம். 15 வருஷத்திற்குள் பிறப்பும் வாலிபமும் சாவும் முடிந்துவிட்டன.

நம் மாகாணத்தில் அது என்ன செய்தது? 1967ல் தி.மு.க.வோடு சேர்ந்து நின்று சட்டசபையில் 20 இடமும் பார்லிமெண்டில் 6 இடமும் பெற்றது. ஆனால் தி.மு.க.வுக்கு மாத்திரமே 137 இடம் கிடைத்துவிட்டதால் கூட்டாளியின் தயவு யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த எலெக்ஷனில் மற்றொரு வேடிக்கையையும் பாருங்கள். வைதீகத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த பெரியார் காமராசரின் காங்கிரசை ஆதரித்தார். வைதீக குணமுள்ள ஆச்சாரியார் பெரியாரின் சீடர்கள் நடத்திய கட்சியை ஆதரித்தார்! கட்சிப் பெயரைப் பார்த்து மனிதனின் கொள்கையைத் தெரிந்துகொள்ள முடியும் என்பவர்கள் இந்த ஓர் எலெக்ஷனை நினைத்துப் பார்த்தால் போதும். பிறகு 1971ல் தி.மு.க. சர்க்கார் மதுவிலக்கை எடுக்கப்போகிறது என்றவுடன் 90 வயதைத் தாண்டிய ஆச்சாரியார் முதல் மந்திரி கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கேட்டது வீணாயிற்று. வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரனிடம் சுவரை இடிக்காதே என்று கெஞ்சத்தான் முடியும், தடுக்க முடியாது.

இதில் நியாயமாய்ச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கட்சி செத்துப்போய் 17 வருஷம் கழித்து, 1991ல், லைசென்ஸ் ராஜ்யத்தில் பெரும்பகுதியைக் கலைத்தது யார்? நரசிம்மராவின் காங்கிரஸ் சர்க்கார்தான். ஆகவே சுதந்திராக் கட்சியின் பொருளாதாரப் பேச்சு முழுவதும் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது பணக்காரன் வாயிலிருந்து வந்தபோது ஜனங்கள் நம்பவில்லை என்றுதான் சொல்லுகிறோம். எல்லோருக்கும் ஓட்டு உள்ள நாட்டில் "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று கேட்டால், ஒன்றுமே இல்லாதவன் எதற்காக ஓட்டுப்போடுவான்? அதனால்தான் பழமைக்காரன் தனியாய் நின்றால் தோற்கின்றான். ஜெயிக்க வேண்டுமானால் ஒன்று ஏழைகளின் கட்சியில் ஒதுங்குகின்றான், அல்லது மதத்தின் பேராலும் ஜாதியின் பேராலும் ஜனங்களைத் திரட்டுகிற கட்சியின் வண்டியில் ஏறிக்கொள்ளுகின்றான். முதல் வழியில் அவனுக்குக் கொஞ்சம் மானக்குறைவு உண்டு. இரண்டாவது வழியில் அவன் மிதவாதமே பறிபோய்விடும்.

எதை மிதமாய்க் காப்பது?

நிற்க, கப்பலூர்த் தோழர் கேட்காத கேள்வி ஒன்றை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பழமையைக் காப்பது என்றால் எந்தப் பழமையை? உழைத்துச் சேர்த்ததை ஊதாரித்தனம் செய்யக்கூடாது என்பதும், சர்க்கார் கணக்கு நேராயிருக்க வேண்டும் என்பதும், கோர்ட்டும் சட்டமும் ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்பதும் பழமையானால், அந்தப் பழமையோடு நமக்குச் சண்டை கிடையாது. பிறப்பினால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதும் அதில் ஒளிந்துகொண்டிருந்தால், அது மிதவாதம் ஆகாது. கூச்சல் போடாத வைதீகம் என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த இரண்டும் ஒரே மனிதனிடத்தில் கலந்திருக்கும் என்பதற்கு ஆச்சாரியாரே அத்தாட்சி. 1952ல் முதல் மந்திரியானவுடன் அரிசிக் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார், ஜனங்கள் மகிழ்ந்தார்கள். 1953ல் அதே மனிதர் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்திலும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகிக்கொண்டும் இருக்கவேண்டும் என்று ஒரு கல்வித்திட்டம் கொண்டு வந்தார். வண்ணான் பிள்ளை வெளுக்கவும், சக்கிலி பிள்ளை தைக்கவும் அல்லவா அது போய் முடியும் என்று நாடே கொதித்தது. 1954ல் அவர் பதவியை விட, காமராசர் வந்து அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். அதுபோலவே 1938ல் பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயமாக்கினவரும் அவரே. 1965ல் இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்தவரும் அவரே. புத்தியில் குறைவில்லை. எதைக் காப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

மதுரையில் நடந்ததைப் பாருங்கள்

மிதவாதியால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு. அதற்கு மதுரையே சாட்சி. 1939 ஜூலை 8ந் தேதி தோழர் வைத்தியநாத அய்யர் அவர்கள், கக்கன் உள்ளிட்ட சில ஆதிதிராவிடத் தோழர்களையும், அக்காலத்தில் அவர்களைப் போலவே தடுக்கப்பட்டிருந்த நாடார் வகுப்புத் தோழரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். அவர் பக்திமான், காங்கிரஸ்காரர், சாஸ்திரத்தைக் கொளுத்து என்றவரல்ல. அவர் ஜாதியாரே அவரைத் தள்ளி வைத்தார்கள். சனாதனிகள், மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லி வேறிடத்தில் தனியாய்ப் பூஜை நடத்தத் தொடங்கினார்கள். ஆனால் திறந்த கதவு மறுபடி மூடவில்லை. ஆச்சாரியார் மந்திரிசபை அந்த வருஷத்திலேயே கோயில் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பும் செய்துகொடுத்தது.

கோயிலில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு மனிதனைப் பார்த்து "நீ உள்ளே வராதே" என்று சொல்லுகின்ற கதவு எங்கே இருந்தாலும் அது உடைய வேண்டியதுதான். அந்தக் கதவை உடைத்ததில் வைத்தியநாத அய்யருக்குள்ள பங்கை நாம் மறைக்கமாட்டோம்.

ஆனால், அதற்கு முந்தின வருஷத்தில் நடந்தது என்ன? 1938ல் எம்.சி. ராஜா அவர்கள் மாகாணம் முழுமைக்குமாக ஓர் ஆலயப் பிரவேச மசோதா கொண்டு வந்தார். அப்போது "இன்னும் காலம் வரவில்லை" என்கின்ற தோரணையில் அதை எதிர்த்துத் தோற்கச் செய்தவரும் இதே ஆச்சாரியார்தான்! 1938ல் வராத காலம் 1939ல் எப்படி வந்தது? வைக்கத்தில் 1924ல் ஜெயிலுக்குப் போனவர்களும், ஊர் ஊராய்க் கோயில் நுழைவு முயற்சி செய்து அடிபட்டவர்களும் தட்டித் தட்டித்தான் அந்தக் காலத்தை வரவழைத்தார்கள். தீவிரவாதி கதவைத் தட்டுகின்றான். சத்தம் பொறுக்கமாட்டாமல் மிதவாதி சாவியை எடுக்கின்றான். தட்டுகிறவன் இல்லாவிட்டால் அவன் தூங்குவான். சாவிக்காரன் இல்லாவிட்டால் தட்டுகிறவனின் கை இன்னும் நெடுநாள் வலிக்கும். அமெரிக்காவில் 1964ல் நடந்ததும் இதுவே. மதுரையில் 1939ல் நடந்ததும் இதுவே.

"காலம் வரவில்லை" என்கின்ற வார்த்தைக்கு எவ்வளவு விலை என்பதற்கு இன்னொரு கணக்கும் கொடுக்கிறோம். 1928ல் அருப்புக்கோட்டைக்கு அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதன் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. அப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்தது 1967ல். இடையில் 39 வருஷம். ஹைக்கோர்ட்டும் அம்மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சொல்லிற்று. அந்த 39 வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கு மனைவிகளல்ல. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குச் சொத்துரிமையில் வில்லங்கம். மிதவாதிக்கு அது "கொஞ்சம் பொறுங்கள்" என்கின்ற ஒரு வார்த்தை. அந்தப் பெண்களுக்கோ அது ஆயுள் முழுவதும்.

நம் யோசனை

ஆகவே கப்பலூர்த் தோழருக்கு நாம் சொல்லுவதாவது: தங்களுக்கென்று தனிக்கட்சி கிடையாது, இனி ஏற்படப் போவதும் இல்லை. அதற்காகத் துக்கப்படவும் வேண்டியதில்லை. ஒரு தொகுதிக்கு ஒருவர்தான் ஜெயிக்கலாம் என்கின்ற எலெக்ஷன் முறை உள்ள இடங்களில் நடுவில் நிற்பவனுக்குத் தனி வீடு நிலைப்பது கஷ்டம். தாங்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இருக்கின்ற கட்சியில் வாயைத் திறந்து பேசுங்கள். அமெரிக்காவில் பேசினவன் சொந்தக் கட்சி ஓட்டர்களிடம் தோற்கின்றான். நம் நாட்டிலோ அபேட்சகரைத் தலைவரே நியமிப்பதால் பேசுகிறவனுக்கு சீட்டே கிடைப்பதில்லை. சட்டசபைக்குள் போனாலும், 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தினால், கட்சி கட்டளையிட்டபடி கை தூக்காவிட்டால் பதவி போய்விடும். விலைக்குப் போகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம் மனச்சாட்சிக்காரனின் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. ஆகையால் சட்டசபையில் இருப்பவர் பேசமாட்டார்; ஊரில் இருக்கின்ற தாங்கள்தான் பேச வேண்டும். கட்சிக் கூட்டத்திலும் கிராமசபையிலும் பேசாத மிதவாதி, தீவிர வெறியனுக்கு இரவல் கொடுத்த நாற்காலியே ஆவான்.

இரண்டாவது, ஓட்டை விற்காதீர்கள். 2009 ஜனவரியில் தங்கள் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் பார்முலா" என்று நாடெங்கும் பேசும்படியான கெட்ட பெயர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுக்குக் கவர் வாங்கினவனுக்கு மிதவாதமும் கிடையாது, தீவிரவாதமும் கிடையாது. சர்க்கார் கடன் வாங்கி இனாம் கொடுக்கிறது என்று வருத்தப்படுகின்ற தாங்கள், கட்சி கொடுக்கின்ற இனாத்தை முதலில் திருப்பி அனுப்புங்கள். அதுதான் தங்கள் பழமைக்கு அழகு.

மூன்றாவது, "காலம் வரவில்லை" என்று சொல்லும்போது, யாருக்கு வரவில்லை என்று தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கள் பெண்ணைக் காலேஜில் படிக்க வைத்ததாக எழுதியிருக்கின்றீர்கள். மிக்க சந்தோஷம். ஆனால், கடிதத்தின் கடைசியில் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறபடி, அந்தப் பெண் தன்னோடு படித்த வேறு ஜாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறது. தாங்கள் இரண்டு வருஷமாய்ப் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கின்றீர்கள். தாங்கள் அந்தப் பையனை அடிக்க ஆள் அனுப்பவில்லை. பெண்ணை அறையில் பூட்டவில்லை. அந்த மட்டில் தாங்கள் மிதவாதிதான். ஆனால் தாங்கள் "பார்க்கலாம்" என்று சொல்லுகின்ற ஒவ்வொரு மாதமும், அரிவாளை எடுக்கத் தயாராயிருக்கும் தங்கள் பங்காளிகளுக்குக் கிடைக்கின்ற அவகாசமே ஆகும் என்பதை மறக்கக் கூடாது. தகப்பனாரே முன்னால் நின்றுவிட்டால் பங்காளிகள் பின்னால் போவார்கள். தகப்பனார் நடுவில் நின்றால், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் யார் நிற்பது?

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்டவர்களைக் கண்டால் "கோழை", "இரண்டுங்கெட்டான்" என்று கேலி செய்து விரட்டுகின்ற வழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கின்றது. அது புத்திசாலித்தனமல்ல. 1939ல் மீனாட்சி கோயில் கதவைத் திறந்தவர் நம் கட்சிக்காரர் அல்ல. தட்டுவது நம் வேலை. அதை விடாமல் செய்வோம். உள்ளேயிருந்து சாவியோடு ஒருவன் வந்தால் அவன் நெற்றியில் என்ன பூசியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம்.

கப்பலூர்த் தோழர் எந்தக் கட்சியில் சேருகிறார் என்று நமக்கு அவர் எழுத வேண்டியதில்லை. பெண்ணின் கல்யாணத்திற்குத் தேதி வைத்துவிட்டு ஒரு கார்டு போட்டால் போதும். திட்டாமல் வருகிறோம்.